புண்படாத மாமா

ஓய்வுபெற்ற ஏட்டையா எபனேசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜபாளையத்தில் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, டிவி பார்த்துச் சிரித்தார். குற்றம் என்று பார்த்தால் அவர் செய்தது அவ்வளவுதான்.

டிவியில் வந்தவன் அவருடைய அக்கா மகன் ஆஸ்டின். சின்ன வயசிலேயே அப்பாவைப் பறிகொடுத்து எபனேசர் வீட்டில் வளர்ந்த பையன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அதை விட்டுவிட்டு, மைக்கைப் பிடித்து மேடையில் தனியாக நின்று ஊரைச் சிரிக்க வைக்க ஆரம்பித்திருந்தான். பேச்சு பிடித்துப்போய் ஒரு சேனல்காரர்கள் ‘நின்னுக்கிட்டே பேசுதேன்’ என்று வாராவாரம் ஒரு தொடர் கொடுத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் சென்னை வீட்டு ஓனர், ஆபீஸ் மேனேஜர் என்று பேசிக்கொண்டிருந்தான். அதுவரை ஊரில் எல்லோரும் ஒற்றுமையாகச் சிரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சொந்த ஊருக்கு வந்தான்.

“எங்க மாமா போலீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆயிட்டாரு. ஆனா அதை அவருக்கு யாரும் சொல்லல” என்று ஆரம்பித்தான். “ஒரு கல்யாண வீடு. பந்தி நடக்கு. ஒருத்தன் சாம்பார் வாளியைத் தூக்கிட்டு ஓடுதான். மாமா கையைக் காட்டி நிப்பாட்டுதாரு. ‘வாளியில என்ன?’ ‘சாம்பாருங்க.’ ‘திறந்து காட்டு. எங்கேருந்து வாரே?’ ‘அடுப்படியில இருந்துங்க.’ ‘எங்கே போறே?’ ‘பந்திக்குங்க.’ ‘கூட யாரு?’ ‘ரசம் பின்னால வருதுங்க.’ மாமா மீசையைத் தடவிக்கிட்டுச் சொன்னாரு: ‘நீ ஓரமா நில்லு. ரசம் வரட்டும், ரெண்டு பேரையும் சேத்து விசாரிக்கேன்.’”

எபனேசருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மனைவி ஏசம்மாள் ஓடிவந்து தலையில் தட்டினாள்.

“அது நீங்கதான?”

“நானேதான். சேத்தூர் கல்யாணத்துல. ஆனா அன்னைக்கு நான் நிப்பாட்டுனது சாம்பார் இல்ல, பாயாசம். பய மாத்திட்டான்.”

அதோடு அவர் படுத்துத் தூங்கிவிட்டார். ஊர் தூங்கவில்லை.

அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ரிட்டயர்டு போலீஸ் உண்டு. மறுநாளே ஒவ்வொருவரையும் பார்த்து யாராவது ஒருவன் “கூட யாரு?” என்று கேட்க ஆரம்பித்தான். வ. புதுப்பட்டியில் குளித்துவிட்டு வெளியே வந்த மாமனாரிடம் புது மாப்பிள்ளை ஒருவன் அதைக் கேட்டுவிட, மறுவீட்டு விருந்து பாதியில் நின்றது. ஒரு வாரத்துக்குள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. சிரித்தவர்கள் ஒரு கட்சி, புண்பட்டவர்கள் ஒரு கட்சி.

சிரித்தவர்களுக்குத் தலைவி பாண்டிசெல்வி. ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவள். சிரிக்காத வீட்டு ஜாக்கெட்டுக்கு ஊசி எடுக்க மாட்டேன் என்று கடை வாசலில் எழுதிப் போட்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் சிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

புண்பட்டவர்களுக்குத் தலைவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சுந்தரபாண்டியன். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். நிலபுலம், மீசை இரண்டும் பெரிசு. ‘ஓய்வுபெற்ற காவலர் மாண்பு காப்புப் பேரவை’ என்று ஒன்றைத் தொடங்கி, தொடரில் வரும் மாமா தானேதான் என்றும், தன் மீசையைத்தான் அந்தப் பையன் தடவிக் காட்டினான் என்றும் மனுக் கொடுத்தார். மறுநாள் கூமாப்பட்டியில் இருந்து வேறொருவர் வந்து, அந்த மாமா நான்தான், சுந்தரபாண்டியனுக்கு அவ்வளவு பெரிய அவமானம் கிடைக்க நியாயமில்லை என்று எதிர்மனுக் கொடுத்தார். பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள்.

மனுக்களை எந்த அலுவலகம் எடுப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. சிரிப்பு கிளம்பிய இடம் ஒரு தாலுகா, புண் ஏற்பட்ட இடம் இன்னொரு தாலுகா. கடிதங்கள் அங்கும் இங்கும் போய் வந்தபின், இதற்கென்றே ‘தனி வட்டாட்சியர், மன நல்லிணக்கம்’ என்று ஒரு புது அலுவலகம் உண்டாயிற்று. இரண்டு ஊருக்கும் நடுவே மெயின் ரோட்டில், மோட்டார் பம்பு கடைக்கு மேல் மாடி. போர்டு எழுதியவர் ‘மண நல்லிணக்கம்’ என்று எழுதிவிட்டதால், முதல் வாரம் முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகள்தான் வந்தன. அவர்களைத் திருப்பி அனுப்பியது அலுவலகத்தின் முதல் சாதனையாக மேலிடத்துக்கு அறிக்கை போனது.

இரண்டாவது சாதனை ஓர் ஆணை. சமரசம் ஏற்படும்வரை ‘சிரிப்பு மூட்டும் நபரான’ ஆஸ்டின் இரண்டு தாலுகாவுக்குள்ளும் நுழையக் கூடாது.

எபனேசரின் மகள் எலினாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்து, மண்டபம் பிடித்து, கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது. ஆணையின் நகலைப் படித்துவிட்டு எலினா கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“ஆஸ்டின் அத்தான் பாட்டுப் பாடாம நான் கோயிலுக்குள்ள ஏற மாட்டேன்ப்பா. அவரு வெளியூர்ல நிக்க, நான் இங்க பூச்செண்டு பிடிச்சுக்கிட்டு நிப்பேனா?”

“ஏட்டி, இதுக்கு ஏன் அழுதே? மாமாங்கிறது நான். எனக்கு வருத்தம் இல்ல. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு” என்று செருப்பை மாட்டினார் எபனேசர். சர்வீஸ் முழுக்க அரசு வேலையில் இருந்தவர் இப்படி நம்பியதுதான் ஆச்சரியம்.

மாடி வாசலில் வருவாய் ஆய்வாளர் ஆவுடையப்பன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சிரிச்சவிய இந்தப் பக்கம், புண்பட்டவிய அந்தப் பக்கம். நீங்க எது அண்ணாச்சி?”

“நான் மாமாங்க.”

“மாமா வரிசை மாடிப்படியில. கடைசியில போய் நில்லுங்க.”

எபனேசர் திரும்பிப் பார்த்தார். படிக்கட்டு முழுக்க ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள். எல்லோர் கையிலும் அந்தக் காலத்து யூனிபாரம் போட்டோ. யார் மீசை முதலில் வந்தது என்று இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாக அவர் முறை வந்தது. தனி வட்டாட்சியர் வெங்கடேஸ்வரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“உங்கள் மனம் எந்த அளவுக்குப் புண்பட்டது?”

“புண்படலைம்மா. நான் சிரிச்சேன்.”

“அப்படியானால் நீங்கள் சிரித்தவர் தரப்பு. மாமா தரப்பில் ஏன் நின்றீர்கள்?”

“மாமாவும் நான்தாம்மா. என் அக்கா மகன்தான் அவன்.”

“இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.”

“ரெண்டும்தாம்மா.”

வட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்தார். “பெரியவரே, அரசு சிரிப்புக்கு எதிரானது என்று நினைத்துவிடாதீர்கள். நானே சிரிப்பேன். போன வருஷம்கூட ஒரு தடவை சிரித்தேன். மேலதிகாரி ஒருத்தர் ஜோக் சொன்னார், எல்லாரும் சிரித்தோம். எனக்கு அது புரியக்கூட இல்லை. ஆனாலும் சிரித்தேன். அதற்குப் பெயர் நல்லிணக்கம். உங்களை மாதிரி தன் இஷ்டத்துக்குச் சிரிக்க ஆரம்பித்தால் நிர்வாகம் எப்படி நடக்கும்?”

எபனேசரை அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பேச்சுவார்த்தை மோட்டார் பம்பு கடைக்காரரின் குடோனில் நடந்தது. தகராறுக்குக் காரணமான பகுதியை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு. திரையிடும் நேரத்தில் அலுவலர் எவரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் ஒரு தரப்புக்குச் சாதகம் ஆகிவிடும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அலுவலர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, சாவு வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ‘ரசம் பின்னால வருதுங்க’ என்ற இடத்தில் ஆவுடையப்பனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த இடத்திலேயே அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. வந்தது தும்மல் என்று அவர் எழுதிக் கொடுத்தார். தும்மலுக்குத் தோள் ஏன் குலுங்கியது என்று துணைக் கேள்வி போனது.

சுந்தரபாண்டியன் எழுந்தார்.

“முப்பது வருசம் சர்வீஸ். இந்த மீசையைப் பாத்து ஒருத்தன் சிரிச்சதில்ல. ஸ்டேஷன்ல சிரிச்சதில்ல. வீட்டுல சிரிச்சதில்ல. என் சம்சாரம் கல்யாண போட்டோவுல கூடச் சிரிச்சதில்ல! பேரன் பேத்திய என்னைக் கண்டா ஒரு சத்தம் போடாம உள்ள போயிருவாவ. அப்பேர்ப்பட்ட குடும்பத்தை இவன் சந்தி சிரிக்க வச்சிட்டானே!”

“யாராவது ஒருத்தர் வைக்கணும்லா” என்றாள் பாண்டிசெல்வி.

நாற்காலிகள் நகர்ந்தன. வட்டாட்சியர் மேசையைத் தட்டினார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சிரித்தவர் தரப்பிலும் பிளவு வந்துவிட்டது. சாம்பாருக்குச் சிரித்தவர்கள்தான் உண்மையான ரசிகர்கள் என்று பாண்டிசெல்வி சொல்ல, ரசத்துக்குச் சிரித்த நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தார்கள். எபனேசர் மெதுவாகக் கையைத் தூக்கி, “அது ரெண்டும் இல்லீங்க, பாயாசம்” என்றார். இரண்டு தரப்பும் சேர்ந்து அவரை முறைத்தன. கூட்டத்தின் பதிவில் ‘பாயாசத்தைச் சாம்பாராகத் திரித்தமை’ என்று ஒரு புதுக் குற்றம் சேர்ந்தது.

கடைசியில், முதலில் உண்மையான மாமா யார் என்று உறுதி செய்வது என முடிவாயிற்று. அதற்கு ஒரு நேரடிச் சோதனை வைத்தார்கள். அலுவலகக் காவலர் வேல்சாமி மூடி போட்ட காலி வாளியோடு குடோனில் நடந்து போவார். உரிமை கோருகிற ஒவ்வொருவரும் அவரை நிறுத்த வேண்டும்.

சுந்தரபாண்டியன் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. வேல்சாமி நின்றார், ஆனால் பயத்தில் வாளியைக் கீழே போட்டுவிட்டார். கூமாப்பட்டிக்காரர் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தார். விதிமீறல் என்று விலக்கினார்கள். எபனேசர் முறை வந்தபோது அவர் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. முகவாயைக் கொஞ்சம் தூக்கி, “என்னப்பா வாளியில?” என்றார். அவ்வளவுதான். வேல்சாமி தன்னை அறியாமல் மூடியைத் திறந்து காட்டி, “ஒண்ணுமில்லைய்யா, வெறும் வாளி. இவியதான் தூக்கிட்டு நடக்கச் சொன்னாவ” என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

எபனேசருக்கு ‘மூல மாமா’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சுந்தரபாண்டியன் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

“அப்பொ முடிஞ்சுதாம்மா? பையன் வரலாமா?” என்று கேட்டார் எபனேசர்.

“எப்படி முடியும்?” என்றார் வட்டாட்சியர். “நீங்கள் புண்படவில்லை என்கிறீர்கள். புண் இல்லாமல் மன்னிப்பு கிடையாது. மன்னிப்பு இல்லாமல் சமரசம் கிடையாது. சமரசம் இல்லாமல் கோப்பை முடிக்க முடியாது. நீங்கள் ஒருவர் சிரித்ததால் இரண்டு தாலுகாவின் அமைதி தொங்கிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?”

ஆவுடையப்பன் அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். “அண்ணாச்சி, மக கல்யாணத்தை நினைச்சுப் பாருங்க. புண்பட்டுச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பையன் வந்து மன்னிப்புக் கேப்பான். நீங்க தலையை ஆட்டுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போவோம். ஆனா அன்னைக்கு மூஞ்சியைச் செத்த தொங்கப் போட்டுட்டு வரணும். மேலிடத்துல இருந்து ஆள் வாராரு.”

வீட்டுக்கு வந்து எபனேசர் கண்ணாடி முன்னால் நின்று புண்பட்டுப் பார்த்தார். வரவில்லை. உதடு கீழே போனால் கண் சிரித்தது, கண்ணை அடக்கினால் தொப்பை குலுங்கியது.

“ஏங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒரு மூஞ்சி வச்சிருந்தியள்லா, அதை வைங்க” என்றாள் ஏசம்மாள்.

“அது பயத்துல வந்ததுட்டீ.”

“இப்ப மட்டும் தைரியமாவா இருக்கு?”

மகளை நினைத்து அவர் கையெழுத்துப் போட்டார்.

மன்னிப்பு நாளன்று குடோனுக்குத் தோரணம் கட்டியிருந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் இருந்தன. ஆஸ்டின் ஒரு நாள் அனுமதியில் காலை ரயிலில் வந்து, இரண்டு காவலர்களுக்கு நடுவே உட்கார வைக்கப்பட்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் எழுந்தான், உட்காரச் சொல்லிவிட்டார்கள். எபனேசர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. மேலிடத்து ஆள் திருப்தியாகத் தலையசைத்தார்.

ஆஸ்டின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் எழுதியது. எந்த மாமாவும் விட்டுப்போகக் கூடாது என்று வரிக்கு வரி யோசித்து எழுதியிருந்தார்கள். அவன் மைக்கைப் பிடித்து, நின்றுகொண்டே படித்தான்.

“மேற்படி நிகழ்ச்சியில் நான் குறிப்பிட்ட மாமா என்பவர் முற்றிலும் கற்பனையே. அப்படிப்பட்ட ஒருவர் என் குடும்பத்திலோ, என் உறவிலோ, எனக்குத் தெரிந்தவர்களிலோ எக்காலத்திலும் இருந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன். இல்லாத மாமாவால் புண்பட்ட அனைவரிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருகிறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். எபனேசர் தட்டவில்லை.

‘எக்காலத்திலும் இருந்ததில்லை’ என்ற இடத்தில் அவருக்கு நெஞ்சுக்குள் முள் தைத்தது போல் ஒன்று சுருக்கென்றது. சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி, அப்பன் இல்லாத அந்தப் பயலை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தது யார்? கணக்கில் பெயிலான அன்று அக்காவிடம் பொய் சொல்லிக் காப்பாற்றியது யார்? வேலையை விட்டுவிட்டேன் என்று அவன் போனில் சொன்னபோது ஊரே திட்ட, “உனக்கு எது வருதோ அதைச் செய்யிலே” என்றது எந்தக் கற்பனை? எபனேசரின் முகம் தானாகவே இறங்கிப் போனது. இப்போது அது பல்வலி மாதிரி இல்லை.

மன்னிப்பு இன்னும் சிலருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமா என்று ஒருவர் இல்லவே இல்லை என்றானதும் சுந்தரபாண்டியன் மீசை தளர்ந்துவிட்டது. “அப்ப அவன் என்னைய நினைக்கவே இல்லையா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். கூமாப்பட்டிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வட்டாட்சியர் வெங்கடேஸ்வரி எழுந்து நின்றார். “இந்த நிமிஷம் முதல் இரண்டு தாலுகாவிலும் மனம் புண்பட்டவர் எவரும் இல்லை. தடை நீங்கியது. இதே முறையைப் பக்கத்து மாவட்டங்களுக்கும் பரிந்துரைக்க இருக்கிறேன். அங்கே யாரும் இன்னும் சிரிக்கவில்லை. ஆனாலும் தயாராக இருப்பது நல்லது.”

கூட்டம் கலைந்து மிக்சரும் டீயும் போகிற நேரத்தில் எபனேசர் மாடியேறி ஆவுடையப்பனின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, எனக்கு இப்ப மனசு புண்பட்டிருக்கு.”

“ரொம்ப நல்லா செஞ்சிய அண்ணாச்சி. மேலிடத்து ஆளே அசந்துட்டாரு. மூஞ்சியை எடுத்துருங்க, முடிஞ்சு போச்சு.”

“இல்லைய்யா, நிசமாவே. அவன் படிச்சதைக் கேட்டதுல இருந்து இங்கன வலிக்கு.”

ஆவுடையப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அண்ணாச்சி, விளையாடாதிய. வலிக்காம வலிக்குன்னு எழுதித் தந்திய, வாங்கிக்கிட்டோம். இப்ப கோப்பை முடிச்சுச் சீல் வச்சாச்சு. பொறவு வந்து வலிக்குங்கியளே, நிசமா வலிக்கதை எல்லாம் நாங்க எந்தத் தலைப்புல எடுக்க?”

“அப்ப யாருட்ட சொல்லணும்?”

ஆவுடையப்பன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “எனக்குத் தெரிஞ்சு, வலிக்க வச்ச ஆளுட்டத்தான் சொல்லணும்” என்றார் கடைசியில். “ஆனா அதுக்கு ஆபீஸ் கிடையாது.”

கீழே மோட்டார் பம்பு கடை வாசலில் ஆஸ்டின் நின்றுகொண்டிருந்தான். அவரைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“எங்க மாமா போனிய? அத்தை ஆட்டோவுல காத்துக்கிட்டு இருக்கா.”

“மனசு புண்பட்டுட்டுன்னு சொல்லப் போனேன்.”

ஆஸ்டின் முகம் மாறிவிட்டது. “மாமா, அந்தத் தாளை அவியதான் எழுதுனாவ. படிக்காட்டா எலினா கல்யாணத்துக்கு வர முடியாதுன்னாவ. அதுல நீங்க இல்லைன்னு படிக்கும்போது எனக்கு நாக்கே எழும்பல...”

“நீ என்னைய எம்புட்டு வேணும்னாலும் கேலி பண்ணுலே. ஊர் சிரிக்கட்டும், நானும் சேந்து சிரிக்கேன். ஆனா இல்லைன்னு சொல்லிட்டியே. நான் இருக்கேன்லாலே.”

வாராவாரம் லட்சம் பேருக்கு முன்னால் பேசுகிற ஆஸ்டின் ரோட்டைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

“மேல என்ன சொன்னாவ மாமா?” என்றான்.

“நிசமா வலிக்கதுக்குத் தலைப்பு இல்லையாம். பொய்யா வலிச்சாத்தான் எடுப்பாவளாம்.”

ஆஸ்டின் நிமிர்ந்து பார்த்தான். உதடு துடித்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவனைப் பார்த்து எபனேசரின் தொப்பை முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு மொத்தமாக. மாமனும் மருமகனும் மோட்டார் பம்பு கடை வாசலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேலே ஒரு ஜன்னல் திறந்து, அவசரமாக மூடிக்கொண்டது.

“மாமா,” என்றான் ஆஸ்டின், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை நான் அடுத்த வாரம் பேசட்டுமா?”

எபனேசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார்.

“பேசு. ஆனா சும்மா மாமா மாமான்னு சொன்னா ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரும் வரிசையில வந்து நிக்கான். இந்தத் தடவை என் பேரைச் சொல்லிரு.”